பாதரசப் பல்லியின் ஒரே பிரதி

ஒஸ்வால்ட் சவுந்தரநாயகம் 'பாதரசப் பல்லி' என்ற படக்கதைப் புத்தகத்தின் ஒரே பிரதியை ஏழு பேருக்கு விற்றார். ஏழு தடவையும் மனமில்லாமல்தான் விற்றார்.

அவர் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் பெட்டிகளை எண்ணும் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர். கொட்டாஞ்சேனையில் ஒடுங்கலான வீடு. ஞாயிறு பூசையில் முதலாம் வாசகம் அவருடையது, குரல் அப்படி. அந்தக் குரலில் "இது ஒண்டுதான் இருக்கு" என்று சொன்னால், "ஆண்டவரின் அருள்வாக்கு" என்று முடிப்பாரோ என்று கேட்பவர்கள் காத்திருப்பார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில், இந்தியாவிலிருந்து புத்தகம் வருவதை அரசாங்கம் இறுக்கிப் பிடித்திருந்த காலம். சென்னையில் அச்சான படக்கதைக் கட்டொன்று எடுப்பாரில்லாமல் பண்டகசாலையில் கிடந்து, ஈரம் பிடித்த மற்றச் சாமான்களோடு ஏலத்துக்கு வந்தது. ஒஸ்வால்ட் கையைத் தூக்கியது புத்தகத்துக்காக அல்ல, அது வந்த மரப்பெட்டிக்காக. கோழி வளர்க்க வேண்டுமென்று மனைவி பேர்ணடெற் நச்சரித்துக்கொண்டிருந்தாள். கோழிகள் பெட்டிக்குள் போக, புத்தகங்கள் அலுமாரிக்கு மேலே போயின. எல்லாம் ஒரே புத்தகம்; அட்டையில் வெள்ளி நிறப் பல்லியொன்று விமானத்தைக் கவ்விக்கொண்டு நின்றது. ஏன் கவ்வியது என்று ஒஸ்வால்ட் வாசித்துப் பார்க்கவில்லை. பெட்டிகளை எண்ணிப் பழகியவருக்கு, உள்ளே இருப்பது எப்போதும் அடுத்தவர் விஷயம்.

அலுமாரிக்கு மேலிருந்ததில் பாதியைக் கரையான் வாசித்து முடித்தது. ஊரிலிருந்த மற்றப் பிரதிகளை நாடு பார்த்துக்கொண்டது. எண்பத்துமூன்றுக் கலவரத்தில் வெள்ளவத்தை வீடுகள் எரிந்தபோது அவற்றோடு படக்கதைகளும் எரிந்தன. தப்பிக் கனடாவுக்குப் போனவர்கள் நகையைக் கொண்டுபோனார்கள், கல்வித் தராதரப் பத்திரங்களைக் கொண்டுபோனார்கள். பல்லியை ஒருவரும் நினைக்கவில்லை. இருபது வருடம் கழித்து, சண்டை ஓய்ந்திருந்த நாட்களில், காசோடும் மூட்டுவலியோடும் திரும்பி வந்து வெள்ளவத்தையில் ஃபிளாட் வாங்கினார்கள். ஃபிளாட் வாங்கி முடிந்ததும் தங்கள் சின்ன வயதை வாங்கப் புறப்பட்டார்கள். அவர்களைப் பார்த்து, எங்கும் போகாமல் இங்கேயே இருந்தவர்களுக்கும் அந்த ஆசை தொற்றியது.

முதலில் வந்தவர் தில்லைநாதன், வெள்ளவத்தைக் கணக்காளர். ஒஸ்வால்ட் புத்தகத்தைத் தலையணை உறையிலிருந்து எடுத்து, நற்கருணையைப் போல இரண்டு கையாலும் தூக்கிக் காட்டி, திரும்ப உள்ளே வைத்தார்.

"பாக்கிறதுக்குத்தான் தம்பி. விக்கிறதுக்கு இல்லை."

"என்ன விலையெண்டாலும் சொல்லுங்கோ அண்ணை."

"விலை சொல்லுற சாமான் இல்லை இது."

இந்த இடத்தில் குசினியிலிருந்து பேர்ணடெற் முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு வெளியே வர வேண்டும் என்பது ஏற்பாடு. "இஞ்ச பாருங்கோ, அதை மட்டும் குடுக்க விடமாட்டன். எங்கட மூத்தவன் காய்ச்சலாக் கிடக்கேக்கை நெஞ்சில வச்சிருந்த பொத்தகம்."

அவர்களுக்கு இருந்தது ஒரே மகள். அவள் இத்தாலியில் சுகமாக இருந்தாள். படக்கதைப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. ஆனால் தில்லைநாதனுக்குக் கண் கலங்கியது. கலங்கிய கண்ணோடு அவர் சொன்ன தொகையைக் கேட்டு பேர்ணடெற்றுக்கு உண்மையாகவே அழுகை வந்தது.

"ஒருத்தருக்கும் காட்டிப்போடாதேங்கோ தம்பி," என்றார் ஒஸ்வால்ட் வாசலில். "வருமானவரிக்காரருக்குக் காது நீளம்."

கணக்காளருக்கு அது உடனே விளங்கியது.

தில்லைநாதன் காட்டவில்லை, புத்தகத்தின் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் "ஒஸ்வால்ட் அண்ணையிட்டை ஒரு படக்கதைக்கு இவ்வளவு குடுத்தனான்" என்று, கொடுத்ததை இரண்டு மடங்காக்கிச் சொல்லித் திரிந்தார். அடுத்து வந்தவர் அந்த விலையில் தொடங்கினார். இப்படி ஒஸ்வால்ட் ஒருநாளும் விலையை ஏற்றவில்லை, வாங்கியவர்களே ஏற்றிக்கொடுத்தார்கள். அவர் செய்ததெல்லாம் அவசரப்படாமல் இருந்ததுதான். ஒரு பல்லி போனால் அடுத்த பல்லிக்கு ஒன்றரை வருடமாவது இடைவெளி. மூத்தவனின் காய்ச்சல் நெருப்புக் காய்ச்சலாகி, அதன்பின் மூளைக் காய்ச்சலுமானது. கடைசிப் பிரதியைக் கொம்பனித்தெரு அலவி வாங்கினார். மாடிக்கட்டடம் எழுப்ப வந்தவர்களுக்குத் தன் பழைய வீட்டை விற்று, அந்தச் சல்லியில் ஒரு பங்கைப் பல்லிக்குக் கொடுத்தார். அன்றோடு அலுமாரிக்கு மேலே தூசி மட்டும்தான்.

அந்த நேரம் பார்த்து 'கொழும்புப் படக்கதை அபிமானிகள் வட்டம்' பிறந்தது. தலைவர் சிவபாதசுந்தரம், ஏதோவொரு திணைக்களத்தின் முன்னாள் பிரதிப் பணிப்பாளர், பல்லியின் மூன்றாவது சொந்தக்காரர். வெள்ளவத்தையில் மண்டபம் எடுத்து ஒரு கண்காட்சி, ஒவ்வொருவரும் தங்களிடமுள்ள ஆக அரிய புத்தகத்தைக் கொண்டுவர வேண்டும், பிரதம விருந்தினர் ஒஸ்வால்ட் சவுந்தரநாயகம் என்று அழைப்பிதழ் வந்தது.

பேர்ணடெற் அதை வாசித்துவிட்டுக் கதிரையில் இருந்தாள். "ஏழு பேரும் ஏழு பல்லியைக் கொண்டுவந்து ஒரே மேசையில வைக்கப்போறாங்கள். நீங்கள் நடுவில மாலையோட நிக்கப்போறியள்."

"காய்ச்சல் எண்டு சொல்லுவமோ?"

"காய்ச்சல் எல்லாம் மூத்தவனுக்குக் குடுத்து முடிஞ்சுது."

காசைத் திருப்பிக் கேட்பார்களே என்பதைவிட ஒஸ்வால்டுக்குப் பெரிய பயம் ஒன்று இருந்தது. பொய்யன் என்று ஒரு சொல் கோயிலடிக்கு வந்தால் முதலாம் வாசகம் போய்விடும். அதில்லாவிட்டால் கொட்டாஞ்சேனையில் அவர் வெறும் பென்சன்காரர்.

போனார். மாலை போட்டார்கள். மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார்: கண்ணாடிக்குக் கீழே முகமூடிக்காரர்கள், குதிரைக்காரர்கள், பறக்கும் தட்டுகள். ஒரு பல்லிகூட இல்லை. வாங்கிய ஏழு பேரில் மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். தில்லைநாதன் தோல்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். எதிர் மேசையில் அலவியும் ஒரு பையை அப்படித்தான் அணைத்திருந்தார். காலையில் அலவியின் பையிலிருந்து ஒரு வெள்ளி வால் வெளியே வந்ததைத் தில்லைநாதன் கண்டிருக்கிறார். தில்லைநாதன் கண்டதை அலவி கண்டிருக்கிறார். தன்னுடையதை மேசையில் வைக்கப் போன சிவபாதசுந்தரம் இரண்டு பேரையும் கண்டு, "டிஸ்பிளேக்கு லைட் சரியில்லை" என்று திரும்ப எடுத்துவிட்டார். ஒன்றுக்கு மேல் இருக்கிறதென்று வெளியே தெரிந்தால் எல்லாவற்றின் விலையும் விழும். யாருக்குத்தான் அதைச் சொல்ல வாய் வரும்?

தேநீர் இடைவேளையில் அலவி மெதுவாகப் பக்கத்தில் வந்தார். அடி விழப்போகிறது என்று ஒஸ்வால்ட் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஒஸ்வால்ட் அண்ணன், நான் ஒண்டும் கேக்கமாட்டேன். எத்தின மிச்சம் ஈக்கி? அத மட்டும் சொல்லுங்க."

கழுவுமிடத்தில் தில்லைநாதனும் அதையேதான் கேட்டார். தலைவரோ நன்றியுரைக்கு நடுவே ஒரு துண்டில் எழுதி அனுப்பினார். ஏன் ஏமாற்றினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒஸ்வால்டுக்கு அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஏனோ இருக்கவில்லை.

அடுத்த கிழமை மூன்று பேரும் ஒரே ஓட்டோவில் வீட்டுக்கு வந்து இறங்கினார்கள்.

"நேர விஷயத்துக்கு வாறன்," என்றார் சிவபாதசுந்தரம். "மிச்சத்தை மார்க்கெட்டில விடாதேங்கோ. விடாமல் இருக்கிறதுக்கு மாசாமாசம் ஒரு தொகை தாறம். ஜென்டில்மன்ஸ் அக்ரிமென்ட்."

எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, ஒஸ்வால்ட் வாசக மேடைக் குரலில் உண்மையைச் சொன்னார். "மிச்சம் ஒண்டும் இல்லை. அலவிக்குக் குடுத்ததுதான் கடைசி."

மூன்று பேரும் சிரித்தார்கள்.

"எனக்கும் இதே குரலிலதானே சொன்னனீங்கள், அண்ணை!" என்றார் தில்லைநாதன்.

"மாதா சத்தியமா இல்லை தம்பி."

"பாத்தீங்களா," என்றார் அலவி மற்ற இருவரிடமும், "தொகை பத்தாதாம்."

தொகை கூடியது. ஒஸ்வால்ட் மறுக்க மறுக்க அது கூடிக்கொண்டே போனது. மறுப்புக்கு விலை கூட்டுவது வந்தவர்களுக்கு நல்ல பழக்கம். கடைசியில் அவர் எழும்பி, பின்விறாந்தையில் கிடந்த பழைய மரப்பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். கோழிகள் போய்ப் பல காலம். "இதுதான் அந்தப் பெட்டி. இதையும் பாருங்கோ, அலுமாரியையும் பாருங்கோ. வெறும் பெட்டி!" மூடியில் கை வைத்தார்.

"திறக்காதேங்கோ!" என்று தில்லைநாதன் பாய்ந்து மூடியின்மேல் இருந்தே விட்டார். "எத்தனையெண்டு தெரிஞ்சால் அதுக்கொரு விலை வந்திடும். தெரியாமல் இருக்கிறதுதான் எங்கள் எல்லாருக்கும் பாதுகாப்பு."

"தம்பி, ஒண்டும் இல்லையெண்டு காட்டத்தானே..."

"அதையும் காட்ட வேண்டாம்!"

அலவி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தலைவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அன்று பின்னேரமே ஆளுக்கொரு பூட்டு வாங்கி வந்து, மூன்று கொளுக்கி அடித்து, மூன்று பூட்டும் போட்டு, திறப்பைத் தங்கள் தங்கள் பொக்கற்றில் போட்டுக்கொண்டு போனார்கள். போகும்போது முதல் மாதத் தொகையை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்கள். சிவபாதசுந்தரம் வாசலில் திரும்பி, "யூ ஆர் அன் ஹானரபிள் மேன்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஒஸ்வால்ட் வழக்கம்போல முதலாம் வாசகம் வாசித்தார். தில்லைநாதன் சொல்லித் திரிந்த பூட்டுப் பெட்டிக் கதை அதற்குள் கொட்டாஞ்சேனைக்கும் வந்திருந்தது போலும். பூசை முடிந்து வெளியே வரும்போது அறிந்தவர் அறியாதவர் எல்லாம் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஒருவர், பூட்டைத் திறக்காமல் பெட்டியோடு என்ன விலை போகும் என்று காதுக்குள் கேட்டார். "அது வெறும் பெட்டி" என்றார் ஒஸ்வால்ட். கேட்டவர் கண்ணைச் சிமிட்டினார்.

வீட்டுக்கு வந்தபோது பேர்ணடெற் பெட்டியைப் பார்த்தபடி நின்றாள். அதற்குமேல் வெள்ளைச் சேலைத்துணி விரித்து, ஒரு பூச்சாடியும் வைத்திருந்தாள்.

"உண்மையைச் சொல்லுங்கோ," என்றாள் திரும்பாமலே. "எனக்கும் தெரியாமல் உள்ளுக்கு எத்தனை வச்சிருக்கிறியள்?"

"உனக்கென்ன விசரா? நீதானே அதுக்குள்ள கோழி வளத்தனீ!"

"கோழி வளத்தது அப்ப. அந்தப் படிச்ச மனுசர் மூண்டு பேரும் விசரரே, இவ்வளவு காசைக் குடுத்திட்டுப் போக?" முகத்தை நொடித்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். சட்டி இறங்கிய சத்தத்தில் அன்றைக்குக் கதை பேச்சில்லை என்று தெரிந்தது.

ஒஸ்வால்ட் குசினிப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பூச்சாடியை எடுத்து நிலத்தில் வைத்தார். பிறகு குனிந்து, பெட்டியின் ஒரு மூலையைப் பிடித்து மெதுவாகத் தூக்கிப் பார்த்தார்.

முந்தியைவிடக் கொஞ்சம் பாரமாகத்தான் இருந்தது.