கார்லோவாட்ஸ் படத்தோடு வேலைக்குப் போனது

குரோஷியாவில் கார்லோவாட்ஸ் என்றொரு சின்ன நகரம் இருக்கிறது. நான் போனதில்லை. அதன் தெருக்கள் மட்டும் தெரியும். அந்த ஊரின் தெருப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அரை நாள் பாரிசில் நடந்திருக்கிறேன்.

எங்கள் நாட்டில் யுத்தம் முடிந்த அடுத்த வருடம் பாரிசுக்கு வந்தவன் நான். லா சப்பலில் ஓர் அறை, அதில் ஆறு பேர். வேலை இல்லாதவன் மாதம் முடிய வெளியேற வேண்டும். அறையின் சட்டம் அது. எனக்கு மாதம் முடிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் எங்கள் ஊர்ச் சமையல்காரர் ஒருவர் தன் உணவகத்தில் கோப்பை கழுவ ஆள் தேவை என்றார். திங்கள் காலை ஒன்பது மணிக்கு நிற்க வேண்டும். பிந்தினால் முதலாளி வேறு ஆளை எடுத்துவிடுவான். எனக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. விலாசத்தை என் அறைக்காரனிடம் சொல்லிவிட்டார்.

அறைக்காரன் அந்த ஆறு பேரில் ஒருவன், ஹோட்டலில் துப்புரவு வேலை செய்கிறவன். யாரோ பயணி விட்டுப்போன தெருப் படமொன்றைக் கொண்டுவந்து விரித்தான். நடுவில் நட்சத்திரம் போல ஒரு கோட்டை. பக்கத்தில் நீலமாய் ஆறு. பின்பக்கம் தேவாலயம், பியர், ஆற்றில் குளிக்கிற பிள்ளைகள்.

“இதுதான் பாரிஸ் அண்ணை. இந்த நட்சத்திரம் எத்துவால், பெரிய வளைவு நிக்கிற இடம். ரெண்டாம் நம்பர் மெத்ரோவிலை போய் இறங்குங்கோ. ஆத்துப் பாலம் தாண்டினா ரெஸ்ரோறன்ற்.”

பேனையால் ஒரு புள்ளடி போட்டான். மற்றவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எத்துவாலில் இறங்கினேன். வளைவைச் சுற்றி எல்லாப் பக்கமும் தெரு. ஏதோ ஒன்றால் நடந்தேன். ஆறு வந்தது. பாலம் வந்தது. சந்தோஷப்பட்டேன். பாலத்துக்கு அங்கால் ஒன்றும் பொருந்தவில்லை. அறைக்காரனுக்குப் போன் அடித்தேன்.

“நேரை போங்கோ அண்ணை. கோயில் ஒண்டு வரும்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். டிவி என்று நினைத்தேன்.

நாயோடு வந்த கிழவியிடம் படத்தை நீட்டினேன். கண்ணாடி போட்டுப் பார்த்தாள். “குரொவாசி” என்றாள். பிரெஞ்சில் குரோஷியாவுக்கு அதுதான் பெயர். எனக்கு அப்போது தெரியாது. பாரிசில் ஒரு பக்கமாக்கும் என்று நினைத்து, “மெத்ரோ?” என்று கேட்டேன். சிரித்தாள். வழியால் போனவனை மறித்து அவனுக்கும் காட்டினாள். அவனும் சிரித்துவிட்டுப் படத்தை என் கையில் திணித்தான்.

பிறகு சமையல்காரர் போன் அடித்தார்.

“எங்கையடா நிக்கிறாய்?”

“பாலம் தாண்டிட்டன் அண்ணை.”

“என்ன பாலம்? எங்கடை கடை கார் து நோர் ஸ்டேஷனுக்குப் பின்னாலை. உன்ரை அறையிலையிருந்து நடந்து வாற தூரம்.”

“இப்ப வரட்டோ?”

“வேண்டாம். உன்ரை அறைக்காரன்ரை மச்சான் ஒன்பதுக்கே வந்திட்டான். நீ வரமாட்டாயெண்டு சொன்னவன். முதலாளி அவனை வைச்சிட்டான். நல்லாக் கழுவுறான்.”

நடந்தே திரும்பினேன். பின்னேரம் அறையில் கோழிக்கறி. வேலை கிடைத்ததற்கு மச்சான் வாங்கியது.

“குரொவாசியிலை குளிரோ அண்ணை?” என்று ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் ஒரு கோப்பையில் சோறு போட்டுத் தந்தார்கள். சாப்பிட்டேன். பசி.

சாப்பிட்டு முடிய, அறைக்காரன் என் மெத்தையை உதறி மச்சானுக்கு விரித்தான்.

“வேலைக்குப் போறவனுக்கு நித்திரை வேணும் அண்ணை. உங்களுக்கு விளங்கும்தானே.”

“ஓம்” என்றேன்.

என் பை கதவடியில் இருந்தது. சேர்ட்டுகளை மடித்துத்தான் வைத்திருந்தான்.