முக்கால் தகரம் தண்ணீர்

எங்கள் ராட்டினத்தைப் பிரித்து மடக்கினால் ஒரே மாட்டு வண்டியில் அடங்கிவிடும். நான்கு பெட்டி, இரண்டு பெரிய கால், நடுவில் ஓர் அச்சு, கொஞ்சம் குறுக்குச் சட்டம். அதன் மேல் சட்டி பானை, அதன் மேல் பாய், பாயின் மேல் நான். திருவிழா நடக்கிற ஊர் வந்ததும் எல்லாவற்றையும் இறக்கி, வண்டிக்கு இரண்டு பக்கமும் தார்ப்பாயை விரித்துக் கழி கொடுத்து நிறுத்துவார்கள். வண்டி வீடாகிவிடும். திருவிழா முடிந்தால் வீடு மறுபடியும் வண்டி. மாசியிலிருந்து ஆடிக் கடைசி வரை எங்களுக்கு அதுதான் பிழைப்பு.

அப்பாவை நான் நைனா என்று கூப்பிடுவேன். நைனாவும் சித்தப்பாவும் ராட்டினத்தைக் கையால் மேலும் கீழுமாகச் சுற்றுவார்கள். அம்மா பிள்ளைகளை ஏற்றி இறக்குவாள். எனக்கும் ஒரு வேலை உண்டு. ஒரு பக்கம் ஆள் இருந்து எதிர்ப்பக்கம் காலியாக இருந்தால் ராட்டினம் ஒரேயடியாக இழுக்கும். அதற்கு ஈடாக நான் காலிப் பெட்டியில் உட்கார வேண்டும். பள்ளிக்கூடம் பக்கம் போகாத எனக்கு முதலில் கைவந்த தொழில் அதுதான், அசையாமல் உட்காருவது.

அந்த வருஷம் தையில் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. சின்னம்மா திருப்புட்குழிப் பக்கம். அவர்கள் வீட்டுக் கொல்லையில் கிணறு, கிணற்றடியில் ஓலைத் தடுப்பு, உள்ளே துவைக்கிற கல். நான் கல்யாணத்தின்போது அந்தத் தடுப்புக்குள் போய் வெறுமனே நின்று பார்த்திருக்கிறேன். வானம் மட்டும்தான் தெரியும். எங்களிடம் அப்படி ஏதும் கிடையாது. அம்மா விடியுமுன் ஏரிக்குப் போய்ப் புடவையோடு முழுகிவிட்டு ஈரத்தோடு வந்துவிடுவாள். ஊர் ஊராகப் பத்து வருஷமாக அப்படித்தான். அதை ஒரு குறையாக யாரும் பேசி நான் கேட்டதில்லை.

ஆனி மாதம் உத்திரமேரூருக்குப் பக்கத்தில் ஓர் அம்மன் கோயில் திருவிழாவில் கூடாரம் போட்டிருந்தோம். ஆனியில் ஏரித் தண்ணீர் உள்ளே போய்விடும். அரை பர்லாங் சேற்றில் நடந்தால்தான் முழங்கால் தண்ணீர். குளித்துவிட்டு வருகிறவர்கள் போனதைவிட அழுக்காக வருவார்கள். சின்னம்மா ஒருநாள் மாற்றுப் புடவையைச் சுருட்டிக்கொண்டு போனாள். கரைமேல் நான்கு இளவட்டங்கள் உட்கார்ந்திருந்தார்களாம். எழுந்து போவார்கள் என்று இவள் நின்றிருக்கிறாள். அவர்கள் எழவில்லை. போன புடவை சுருட்டினபடியே திரும்பி வந்தது. அதற்கப்புறம் மூன்று நாள் முகம் மட்டும் கழுவினாள். நாலாம் நாள் சாப்பிட வரவில்லை.

அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"தம்பி, உன் பொண்டாட்டி இன்னா சொல்றா தெரியுமா? ஆடிக்கு அவங்க அண்ணன் வந்து கூப்டுகினு போனா, திரும்பி வரமாட்டாளாம்."

"ஏன் அண்ணி, நான் இன்னா பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல. அதான் பேஜாரு."

புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டார் வந்து அழைத்துப் போவது வழக்கம். ஆவணியில் திரும்ப வர வேண்டும். ஆடி பிறக்க அப்போது பன்னிரண்டு நாள் இருந்தது.

சித்தப்பா அன்று மதியமே நாலு மூங்கில் வெட்டி வந்தார். வண்டிக்குப் பின்னால் நட்டு, ஒரு பக்கத் தார்ப்பாயைக் கழற்றிச் சுற்றிக் கட்டினார். அதனால் வீட்டுக்கு ஒரு சுவர் குறைந்தது. வெயில் நேராக அடுப்பில் விழுந்தது. மறுநாள் பார்த்தால் உள்ளே ஒரே சேறு. ராட்டினப் பெட்டி ஒன்றின் அடிப்பலகையைப் பெயர்த்துக் கீழே போட்டார். காற்றடித்தால் தார்ப்பாய் தூக்கியது. ஓரத்தில் கல் வைத்துத் தைத்தார். பிறகு வாளித் தொல்லை. ஒரு வாளித் தண்ணீர் பாதிக் குளியலில் தீர்ந்துவிடும். சின்னம்மா "அக்கா" என்று கூப்பிட, அம்மா தடுப்புக்கு மேலே இன்னொரு வாளியை நீட்டுவாள். ஒருநாள் அம்மா கடைக்குப் போயிருந்தாள். கண்ணெல்லாம் சோப்பு நுரையோடு சின்னம்மா உள்ளே நின்றுகொண்டே இருந்தாள். எங்களை யாரையும் கூப்பிடவில்லை. அம்மா வந்துதான் தண்ணீர் போயிற்று.

அதைக் கேட்ட பிறகு சித்தப்பா சைக்கிள் கடையில் எறிந்து கிடந்த பஞ்சர் ட்யூப்களைப் பொறுக்கி வந்தார். கத்தரி நாற்று விடுகிற ஒருவரிடம் கெஞ்சிப் பூவாளியின் மூக்கை வாங்கினார். பூவாளி என்றால் நாற்றுக்கு மழை மாதிரித் தண்ணீர் தெளிக்கிறதே, அது. மண்ணெண்ணெய்த் தகரம் ஒன்றின் அடியில் ஓட்டை போட்டு, ட்யூபைச் செருகி, நுனியில் அந்த மூக்கைக் கட்டி, தகரத்தை வண்டிக் கூரைமேல் ஏற்றினார். எல்லோரும் வந்து நின்றோம். மூக்கிலிருந்து கொஞ்சம் சொட்டியது.

"இன்னாடா இது, ஆடு மூத்திரம் வுட்ற மாதிரி கீது" என்றார் நைனா.

"ஒசரம் பத்தல" என்றார் சித்தப்பா. அக்கம் பக்கம் பார்த்தார். மரம் இல்லை. அந்தத் திடலில் உயரமாக இருந்தது ஒன்றுதான். அதை அவர் அண்ணாந்து பார்த்ததும் நைனாவுக்குப் புரிந்துவிட்டது.

"அதுல கை வெச்சே, அவ்ளோதான்."

ராட்டினத்தை நட்டு எலுமிச்சம்பழம் நசுக்கிப் பூசை போட்டுவிட்டால், பிரிக்கிற நாள்வரை அதைக் கயிற்றால் கட்டக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். கட்டினால் தொழிலும் கட்டிக்கொண்டு நின்றுவிடும். அதனால் தகரத்தை மேலே ஏற்றினாலும் அது அங்கே நிற்காது.

"கட்ட மாட்டேன்ணா. எதிர்ப் பெட்டில இவனைக் குந்த வெக்கிறேன்" என்று சித்தப்பா என் தலையில் கை வைத்தார்.

அப்படித்தான் அது நடந்தது. முழுத் தகரம் வைத்தால் என்னையே தூக்கிவிடும் என்பதால் முக்கால் தகரம். அதை ஒரு பெட்டியில் வைத்துச் சித்தப்பா மேலே சுற்றி அனுப்புவார். எதிர்ப் பெட்டி கீழே வரும், அதில் நான். ட்யூப் மேலிருந்து தொங்கித் தடுப்புக்குள் இறங்கும். அதன் நுனியைத் தடுப்பு மூங்கிலில் கட்டியிருந்தார். சின்னம்மா ட்யூபை மடித்துப் பிடித்தால் தண்ணீர் நிற்கும், விட்டால் கொட்டும். முதல் நாள் உள்ளேயிருந்து "ஐயோ" என்று ஒரு சத்தம் வந்தது. சித்தப்பா பயந்துவிட்டார். அப்புறம் சிரிப்புச் சத்தம் வந்தது. அம்மாவும் அன்றைக்கே குளித்தாள். அவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. நைனாதான் "குளிக்கப் போனியா, குடக்கூலிக்குக் குடி போனியா?" என்று கத்த வேண்டியிருந்தது.

ஒரு வாரம் ஒரு குறையுமில்லாமல் போயிற்று. சின்னம்மா என் பங்கு இட்லியில் தன்னுடையதில் ஒன்றைச் சேர்த்து வைப்பாள். குந்தின கூலி என்பாள்.

ஆனி கடைசி. காலை வெயில் ஏறுகிற நேரம். சின்னம்மா தடுப்புக்குள் இருக்கிறாள், நான் பெட்டியில் இருக்கிறேன். பஸ்ஸிலிருந்து இறங்கி வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாகச் சின்னம்மாவின் அண்ணன் வருகிறார். கல்யாணத்தன்று அவர் வரும்போது நான் உட்கார்ந்தே இருந்தேன் என்று அம்மா தொடையில் கிள்ளியிருந்தாள். "சம்பந்தி வூட்டு ஆளு வந்தா எழுந்து நிக்கத் தெரியாதா?" கிள்ளின இடம் இரண்டு நாள் வலித்தது. அதனால் அவர் கிட்டே வந்ததும் நான் பெட்டியை விட்டுக் கீழே இறங்கி, ஒழுங்காக நின்று, கையெடுத்துக் கும்பிட்டேன்.

"வாங்க மாமா" என்று சொல்லி முடிக்கவில்லை. என் பெட்டி மேலே பறந்தது. தகரம் அந்தப் பக்கமாக இறங்கி, கவிழ்ந்து, அவ்வளவு தண்ணீரும் மாமாவின் மேல். ட்யூப் இழுத்த இழுப்பில் மூங்கில் சாய்ந்தது. மூங்கிலோடு தார்ப்பாய். மார்பு வரை பாவாடையை ஏற்றிக் கட்டிக்கொண்டு, தலை நிறைய நுரையோடு சின்னம்மா நின்றாள். பொரிக்கடைக்காரர், வளையல்காரி, தேருக்குக் கட்டை போட வந்தவர்கள் எல்லோரும் அப்படியே திரும்பிப் பார்த்தார்கள்.

சித்தப்பா ஓடி வந்து தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்தார். மாமா வேட்டியைப் பிழிந்துகொண்டே கத்தினார்.

"இதுதான் வூடா? இப்படி நடுத்தெருவுல நின்னு குளிக்கவா உன்னைக் கட்டிக் குடுத்தோம்? கெளம்பு. ஆடி முடிஞ்சாலும் நீ இங்க வர வாணாம்."

"மச்சான், பையன் உங்களுக்கு மரியாதை குடுக்கத்தான் எழுந்தான்" என்றார் சித்தப்பா.

"நீ பேசாத மாப்ளே."

தார்ப்பாய்க்குப் பின்னாலிருந்து சின்னம்மா சொன்னாள்: "அண்ணா, கொஞ்சம் தள்ளி நில்லு. இன்னும் சோப்பு போவல." அப்புறம் என்னைக் கூப்பிட்டாள். "டேய், ஏறிக் குந்து."

நான் ஏறிக் குந்தினேன். நைனா தகரத்தில் தண்ணீர் ஊற்றி மேலே அனுப்பினார். சித்தப்பா கைகளை விரித்துத் தார்ப்பாயைப் பிடித்தபடி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். மாமா ஈரச் சட்டையோடு பொரிக்கடை ஓரமாகப் போய் நின்றார். அவள் அவசரப்படாமல் குளித்து முடித்தாள்.

மதிய பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள். மாமா யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. என்னால்தான் போகிறாள், இனி வரமாட்டாள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. அழுதுகொண்டே திரும்பினால், வண்டிக் கயிற்றில் அவளுடைய பாவாடை காய்ந்துகொண்டிருந்தது. உருவி எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர்கள் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். ஜன்னல் வழியாக நீட்டினேன்.

"சின்னம்மா, பாவாடைய மறந்துட்டே!"

மாமா வாங்கக் கை நீட்டினார். அவள் அவர் கையைத் தள்ளிவிட்டாள்.

"அங்கேயே காயட்டும்டா, போ."

தன் பாவாடைகூட வேண்டாமென்று போகிறாளே என்று எனக்கு இன்னும் அழுகை வந்தது. சித்தப்பாவிடம் கொண்டுவந்து கொடுத்து, அவள் சொன்னதைச் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் இரண்டாம் தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். பாவாடையை உதறி, சுருக்கம் நீவி, கயிற்றில் போட்டார்.

அடுத்த ஊருக்குப் போனபோதும் வண்டி நின்றதும் முதல் வேலையாக அதைக் கொடியில் போட்டார். அதற்கடுத்த ஊரிலும். ஆடிக் காற்றில் புழுதி ஏறியது. உதறிவிட்டு மறுபடி போட்டார். ஆடி பாதியில் ஒருநாள் அம்மா கேட்டாள்.

"இன்னா தம்பி, அது இன்னுமா காயல?"

"இல்ல அண்ணி. இன்னும் கொஞ்சம் ஈரம் கீது."

அம்மா சிரித்துக்கொண்டு உள்ளே போனாள். நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். அப்பளம் மாதிரி மொடமொட என்று காய்ந்து கிடந்தது. இவ்வளவு பெரிய ஆளுக்கு ஈரம் எது, காய்ந்தது எது என்றுகூடத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.