ஆற்றுக்கு அரை மணி

ஒன்பது நாள் பயணத்தில் எட்டு நாள் ரயிலிலும் ரயில் நிலையத்திலும் கழித்துவிட்டு, ஒரே ஒரு நாள் ஊர் பார்த்துத் திரும்பிய புத்திசாலிகளை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அப்படி நாலு பேர் இருந்தோம். அதில் ஒருவன் நான். திட்டம் போட்டதிலும் எனக்குப் பெரிய பங்கு உண்டு.

எழுபதுகளின் நடுவில், அலங்காநல்லூருக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில் நான் மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டராக இருந்தேன். அங்கே உதவியாளராக ஒருவர் இருந்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர். சம்பளப் பட்டியலில்தான் உதவியாளர்; உண்மையில் ஆஸ்பத்திரியே அவர்தான். மிரண்டு நிற்கும் காளையிடம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே போவார், அது தலையைத் தாழ்த்திவிடும். கன்று குறுக்கே கிடந்து பசு தவித்தால், டாக்டர் சைக்கிளை நிறுத்துவதற்குள் இவர் கையை விட்டுத் திருப்பி எடுத்திருப்பார். சுற்று வட்டாரத்தில் பொங்கலுக்கு அவிழ்த்துவிடும் காளைகளில் அவர் கையால் மருந்து குடிக்காதது ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் பொங்கலன்று அவர் வாடிவாசல் பக்கம் வரக்கூடாது. அவருடைய தெருக்காரர்கள் தள்ளி, புளியமரத்தடியில் நின்றுகொள்ளலாம். காளை அங்கே வந்து சேரும்போது ஓடிக் களைத்து நுரை தள்ளியிருக்கும். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எழுதாத சட்டத்துக்குத்தான் எங்கள் ஊரில் மரியாதை அதிகம்.

ஒருநாள் டாக்டர் வெளியூரில் பயிற்சி முடித்துவிட்டு ஒரு சேதியோடு வந்தார். பாட்னாவுக்கு எதிரே, கங்கையின் அக்கரையில், கார்த்திகை மாதப் பௌர்ணமிக்கு ஒரு மாட்டுச்சந்தை கூடுமாம். எத்தனை மாடு என்று யாரும் எண்ணி முடித்ததில்லையாம். யானைகளைக்கூட வரிசையாகக் கட்டி வைத்து விற்பார்களாம். டாக்டரும் பார்த்ததில்லை; கூடப் பயிற்சிக்கு வந்தவர் சொல்லக் கேட்டதுதான்.

நாங்கள் அறிந்த பெரிய சந்தை மதுரை மாட்டுத்தாவணி. இன்றைக்கு பஸ் ஸ்டாண்டு இருக்கிறதே, அதே இடம்தான். சித்திரைத் திருவிழாச் சமயத்தில் அங்கே மாடுகள் வந்து இறங்கினால் எங்களுக்குக் கண் போதாது.

"அதைவிடப் பெருசா சார்?" என்று உதவியாளர் கேட்டார்.

"அது மாதிரி நூறுன்னு வச்சுக்கய்யா" என்றார் டாக்டர்.

அன்றைக்கு உதவியாளர் மருந்துப் புட்டிகளை மூடாமலே வீட்டுக்குப் போய்விட்டார். அப்படி ஒருநாளும் செய்யாத மனிதர். அடுத்த நாள் காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது என்னிடம் மெல்லக் கேட்டார்.

"தம்பி, அந்தச் சந்தையில மாட்டைத் தொட்டுப் பாக்க விடுவாங்களா?"

"விலை கேக்குறவன் தொடாம எப்படிண்ணே கேப்பான்?"

"விலை கேக்காதவன்?"

"விடுவாங்க. கோடிச் சனம் வருமாம், யாரு கவனிக்கப் போறா?"

"எந்தத் தெரு ஆளுன்னு கேக்க மாட்டாங்கள்ல?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. யானை, கங்கை எதுவும் அவருக்குப் பெரிதில்லை. மருந்து கொடுக்கிற வேலைக்காக இல்லாமல், திருவிழாக் கூட்டத்தின் நடுவில், ஒரு நல்ல காளையின் திமிலில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். "எவன்டா நீ" என்று ஒரு குரல் வரக்கூடாது. அந்த மனிதருக்கு வேண்டியது அவ்வளவுதான். "போவோம்ணே, இந்தக் கார்த்திகைக்கே போறோம்" என்று சொல்லிவிட்டேன். எனக்கு எப்போதும் வாய் முந்தும். பாட்னா எந்தத் திசையில் இருக்கிறது என்று அதன் பிறகுதான் விசாரித்தேன்.

விசாரித்த இடம் பூகோள வாத்தியார் வீடு. சமயநல்லூரிலிருந்து தினமும் சைக்கிளில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வருவார். உலகத்தில் உள்ள நதி, மலை எல்லாம் அவருக்கு மனப்பாடம். நேரில் பார்த்தது அழகர்மலையும் வைகையும்தான். நான் கேட்டு முடிப்பதற்குள், "நானும் வாரேன்" என்று சொல்லிவிட்டு அட்லஸைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

நாலாவது ஆள் என் மச்சான், அக்காவைக் கட்டியவர். ஜல்லிக்கட்டுக் காளை வளர்ப்பவர். அவர் காளையின் திமிலில் எவனும் தொங்கியதில்லை என்று சொல்லிச் சொல்லியே எங்கள் காதில் ரத்தம் வரவைத்துவிடுவார். "யானைய விக்கிறாங்களா மாப்ள? அப்ப நான் வாராம இருப்பேனா?" என்று குதித்தார். உதவியாளரும் வருகிறார் என்றதும் முகம் சுருங்கிவிட்டது.

"அவனுமா?"

"அவருக்காகத்தான் போறதே. பிடிச்சா வாங்க, பிடிக்கலேன்னா வீட்டுல இருந்து உங்க காளைக்கு ஈ ஓட்டுங்க" என்று சுள்ளென்று விழுந்தேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள், யானை ஆசை தாங்காமல், கக்கத்தில் துண்டோடு வந்து உட்கார்ந்தார்.

மாடுகள் எல்லாம் போன பிறகு சாயங்காலங்களில் ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்கள் மகாநாடு நடக்கும். டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: ஒன்பது நாள்தான் லீவு, பத்தாம் நாள் காலையில் கோமாரி ஊசி போட ஆரம்பிக்கிறோம், இரண்டு பேரும் இங்கே நிற்க வேண்டும். மச்சானுக்கு வயலில் களையெடுப்பு காத்திருந்தது. வாத்தியார் ரயில் நேரங்களைத் தரையில் சாக்பீஸால் எழுதுவார். மதுரையிலிருந்து மெட்ராஸ் ஒரு ராத்திரி. மெட்ராஸிலிருந்து கல்கத்தா ஹௌரா இரண்டு ராத்திரி. அங்கிருந்து பாட்னா ஒரு ராத்திரி. திரும்பி வருவதற்கும் அதே கணக்கு. எப்படி அழித்து அழித்து எழுதினாலும் சந்தைக்கு ஒரே ஒரு பகல்தான் மிஞ்சியது. காலை ஆறு மணிக்குப் பாட்னாவில் இறங்கி, ராத்திரி ஒன்பது மணிக்குத் திரும்பவும் ரயிலேற வேண்டும்.

கையில் காசு கம்மி. அதனால் லாட்ஜ் கிடையாது, ஓட்டல் சாப்பாடு கிடையாது, ரயிலில் முன்பதிவும் கிடையாது. முதல் இரண்டு நாளைக்குப் புளிச்சோறு, அப்புறம் அவலும் கருப்பட்டியும் என்று முடிவாயிற்று. குளிப்பதற்குத்தான் கங்கை இருக்கிறதே என்றார் மச்சான்.

கடைசியாக ஆற்றைத் தாண்டும் விஷயம் வந்தது. அட்லஸில் பாட்னா ஒரு புள்ளி. அதை ஒட்டி ஒரு நீலக்கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் சந்தை. பாலம் எதுவும் போட்டிருக்கவில்லை. பாலம் இல்லையே என்று எங்களில் ஒருவருக்கும் கவலை வரவில்லை பாருங்கள், அங்கேதான் இருக்கிறது வேடிக்கை! எங்களுக்கு ஆறு என்றால் வைகை. மதுரைக்குப் போனால் கோரிப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, பாலத்தைச் சுற்றிக்கொண்டு எவன் போவான் என்று மணலில் இறங்கி நடந்து சிம்மக்கல்லில் ஏறுகிறவர்கள் நாங்கள். ஆற்றுக்குள் மாடு மேயும், துணி காயும், பையன்கள் பந்து விளையாடுவார்கள்.

"ஆத்துக்கு அரை மணி" என்று வாத்தியார் எழுதினார்.

"எதுக்கு அம்புட்டு? கால் மணி போதும்" என்றார் மச்சான்.

உதவியாளருக்கு மட்டும் ஒரு சந்தேகம். "கார்த்திகையில தண்ணி வருமே வாத்தியாரே?"

"வந்தா முட்டளவு வரும். கங்கை கொஞ்சம் பெருசுங்கிறதால இடுப்பளவுன்னு வச்சுக்கோ." அதற்காக ஆளுக்கு ஒரு மாற்று வேட்டியும், கூடுதலாக ஒரு துண்டும் பட்டியலில் சேர்ந்தன. இதைப் படித்து நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கே சிரிப்பு வருகிறது.

கிளம்பினோம். எழும்பூரில் இறங்கி சென்ட்ரலுக்கு நடந்தோம். ஹௌரா போகும் வண்டியின் பொதுப் பெட்டியில் எங்களுக்குக் கிடைத்தது கழிவறைக் கதவோரம். புளிச்சோற்றுப் பொட்டலத்தை நடுவில் வைத்து நாலு பேரும் அதிலேயே எடுத்துத் தின்றோம். அந்த நெரிசலில் தனித்தனி இலை விரிக்க இடம் ஏது? மச்சான் முதல் வேளை கொஞ்சம் தயங்கினார். இரண்டாம் வேளை பசி வேறு எதையும் யோசிக்க விடவில்லை. வழியில் கிருஷ்ணா, கோதாவரி என்று பெரிய பெரிய ஆறுகளைத் தாண்டியிருக்கிறோம். ஜன்னல் எட்டாததால் பாலத்தின் தடதட சத்தம் மட்டும் கேட்டது. "பெரிய பாலம் போல" என்று வாத்தியார் சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார்.

பாட்னாவுக்கு வண்டி நாலு மணி நேரம் தாமதம். பத்து மணிக்கு இறங்கி, கூட்டம் போன பக்கமே ஓடினோம். ஒரு சந்து திரும்பியதும் கரை வந்தது.

அந்த இடத்தை எப்படிச் சொல்வது? எனக்கு முதலில் அது ஆறு என்றே புரியவில்லை. தண்ணீர், தண்ணீர், அதற்கு அப்பாலும் தண்ணீர். அக்கரை என்று ஒரு மங்கலான கோடு தெரிந்தது. அது கரையா, மேகமா என்று சொல்ல முடியவில்லை. நடுவில் பாய் விரித்த படகுகள் எள்ளு மாதிரி தெரிந்தன. சத்தமே போடாமல் அவ்வளவு பெரிய தண்ணீர் நகர்ந்துகொண்டிருந்தது. யாத்தே என்று என்னை அறியாமல் வாயில் வந்தது.

மச்சான் கையிலிருந்த பையைக் கீழே போட்டார். அணைத் தண்ணீருக்கும் மடை திறப்புக்கும் காத்துக் கிடந்தே பழகிய விவசாயி. "மாப்ள, இம்புட்டுத் தண்ணியையும் யாரு தொறந்து விட்டது?" என்று கேட்டார். கேலிக்குக் கேட்கவில்லை. கண் கலங்கியிருந்தது. "இதுல ஒரு வாய்க்கா நம்ம பக்கம் வந்தாப் போதுமே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

வாத்தியார் அட்லஸை எடுக்கவே இல்லை. "இருபது வருசமா பிள்ளைகளுக்கு இதைக் குச்சிய வச்சுக் காமிச்சிருக்கேன்யா" என்றார். "நீலப் பென்சிலால ஒரு கோடு போடுங்கடான்னு சொல்லுவேன்." பிறகு படித்துறையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

உதவியாளர் ஒருவர்தான் ஆற்றை அதிக நேரம் பார்க்கவில்லை. அக்கரையைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார். "தம்பி, நேரமாகுது" என்றார். மூன்றரை நாள் வந்தாயிற்று. இந்தத் தண்ணீர் ஒன்று குறுக்கே கிடந்தது.

நடந்தே போவதாக இருந்த ஆற்றைத் தாண்ட ஒரு நீராவிக் கப்பல்தான் இருந்தது. பௌர்ணமிக் கூட்டம் முழுக்க அதற்காக நின்றது. முதல் கப்பலில் ஏற முடியவில்லை. அடுத்ததில் மச்சான் ஜல்லிக்கட்டில் காட்டாத வீரத்தையெல்லாம் காட்டி எங்களை இழுத்துப் போட்டார். அக்கரைக்குப் போய், அங்கிருந்து ஒரு ரயிலில் தொற்றிக்கொண்டு சந்தையில் காலை வைக்கும்போது மணி இரண்டரை. நாலரைக்குத் திரும்பினால்தான் ராத்திரி ரயில். ஒரு பகல் முழுக்க என்று போட்ட திட்டத்தில் கையில் இருந்தது இரண்டு மணி நேரம்.

மாந்தோப்பில் யானைகள் நின்றன, மரத்துக்கு ஒன்றாக, நெற்றியில் கோலம் போட்டுக்கொண்டு. அதைத் தாண்டினால் குதிரைகள். அதையும் தாண்டியதும் மாடுகள். கண்ணுக்கு எட்டிய தூரம் கொம்புகளும் திமில்களும்தான். மேலே தூசி பொன்னாகப் பறந்தது. நூறு மாட்டுத்தாவணி என்று டாக்டர் சொன்னது குறைச்சல். உலகத்து மாடெல்லாம் ஒரே நாளில் ஒரே இடத்தில் வந்து நிற்பதாக எனக்குத் தோன்றியது. மச்சான் தன் காளையைப் பற்றி அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை.

உதவியாளர் நடை மெதுவானது. ஒரு வெள்ளைக் காளையின் முன்னால் நின்றுவிட்டார். என் தோளுக்கு மேலே இருந்தது அதன் திமில். அதன் சொந்தக்காரர், பெரிய முண்டாசு கட்டிய கிழவர், பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து புகையிலை கசக்கிக்கொண்டிருந்தார். உதவியாளர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், திரும்பிப் பின்னால் பார்த்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது. வாத்தியார் கடிகாரத்தைக் காட்டினார். "தொடுங்கண்ணே" என்று நான் பல்லைக் கடித்தேன். அவர் மறுபடியும் சுற்றிப் பார்த்தார்.

பிறகு கையை நீட்டினார். திமிலில் உள்ளங்கை பட்டதும் காளை தோலைச் சிலிர்த்து, அவர் பக்கம் தலையைத் திருப்பி மூச்சு விட்டது. அந்தக் கிழவர் ஏறிட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டுப் புகையிலையை வாயில் போட்டுக்கொண்டார். சனம் பாட்டுக்குப் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. உதவியாளர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பத்து நிமிஷமா, பதினைந்து நிமிஷமா, தெரியாது. அவரைக் கூப்பிட எனக்கு மனசு வரவில்லை. வாத்தியார்தான் வந்து கையைப் பிடித்து இழுத்தார்.

திரும்பும் கப்பலில் மேல்தட்டில் இடம் கிடைத்தது. கங்கை முழுக்கச் செம்மண் நிறமாக இருட்டிக்கொண்டு வந்தது. மச்சானுக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்திருக்கும் போல.

"என்னப்பா, தொடுறதுக்கு முன்னால அம்புட்டு நேரம் சுத்திச் சுத்திப் பாத்த? யாரைத் தேடுன?"

"யார்கிட்டக் கேக்கணும்னு தேடுனேன்யா" என்றார் உதவியாளர். "அம்புட்டுக் கூட்டத்துல அப்படி ஒருத்தரும் இல்ல."

அவர் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. யானையைப் பார்த்த பிள்ளை சொல்வது மாதிரி, அதிசயப்பட்டுச் சொன்னார். மச்சான் முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் எங்கே திருப்பிக்கொள்வது? ஆறு வருஷமாக அவரோடு ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தவன் நான். அண்ணே அண்ணே என்று வாய் நிறையக் கூப்பிட்டவன். ஒரு பொங்கலுக்குக்கூட, நம்ம பக்கத்தில் வந்து நில்லுங்க என்று அவரைக் கூப்பிட்டதில்லை.