பதினெட்டு வயிற்று வளி

எங்கள் பள்ளியின் பி.டி. டீச்சருக்கு மாணவிகள் வைத்த பெயர் விசில். ஸ்டாஃப் ரூமில் என் பக்கத்து நாற்காலி அவளுடையது, ஆனால் அவள் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டிபன் பாக்ஸைக்கூட நின்றுகொண்டேதான் காலி செய்வாள். நான் தமிழ் ஆசிரியை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள், அது உண்மைதான்.

விசிலுக்கு ஒன்பதாம் வகுப்பு 'சி' பிரிவு வாய்த்தது. நாற்பது பேரில் பதினெட்டு பேர் மைதானத்துப் படிக்கட்டை விட்டு இறங்கமாட்டார்கள். ஆளுக்கொரு லீவு லெட்டரை நீட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள், சாக்லேட் கொடுத்துப் பார்த்தாள். சாக்லேட்டைப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து தின்றார்கள்.

கணக்கு டீச்சருக்கு அந்தப் பீரியடின் மேல் வெகுநாளாக ஒரு கண். "சும்மாதானே உக்காந்திருக்காங்க, எனக்குக் குடுத்துடுங்க மேடம்" என்று எச்.எம்.மிடம் கேட்டேவிட்டாள். வியாழக்கிழமை தானே வந்து பார்ப்பதாகவும், பத்துப் பேர் படிக்கட்டில் இருந்தாலும் பீரியடு கணக்குக்குத்தான் என்றும் எச்.எம். சொல்லிவிட்டார். அதைக் கேட்ட அன்று விசில் டிபன் பாக்ஸைத் திறக்கவேயில்லை.

செவ்வாய்க்கிழமை பதினெட்டு லெட்டரையும் என் மேஜையில் போட்டாள். "நீங்களே பாருங்கக்கா."

பார்த்தேன். எனக்கு ரத்தம் கொதித்தது. 'எனக்குக் கடுமையான வயிற்று வளி' என்று பதினெட்டிலும் இருந்தது. 'லி' போட வேண்டிய இடத்தில் 'ளி'. எல்லாம் ஒரே கையெழுத்து வேறு. அது வக்கீல் என்று வகுப்பே கூப்பிடும் பெண்ணுடையது. யாருக்கு என்ன லெட்டர் வேண்டுமானாலும் அவள்தான் எழுதித் தருவாள். அவளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பவள் நான். மானம் போயிற்று.

"வலி இல்லடி இது, வளி. வளின்னா காத்து. எல்லாருக்கும் வயித்துல காத்தாம்" என்றேன்.

விசில் ஒரு கணம் யோசித்தாள். பிறகு லெட்டர்களை அள்ளிக்கொண்டு சிரித்தபடியே போனாள்.

மைதானத்தில் பதினெட்டு பேரையும் எழுப்பி நிறுத்தினாளாம். "உங்க லெட்டரை நான் நம்பறேன். வயித்துல காத்துன்னா நல்லா நடக்கணும். வாங்க போகலாம்." மற்ற இருபத்திரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வக்கீலுக்கு முகம் சுண்டிப்போயிற்று. எழுதிக் கொடுத்த பிறகு என்ன வாதாடுவது? நடந்தார்கள். விசிலும் கூடவே நடந்தாள்.

மூன்றாவது சுற்றில் வக்கீல் மெல்ல வாயைத் திறந்தாள். "மிஸ், ரெண்டு கேப்டன் ஆள் எடுப்பாங்கல்ல, அப்ப கடைசி வரைக்கும் நீங்க நின்னிருக்கீங்களா?"

"இல்லையே."

"நான் எப்பவும் நிப்பேன். இவளை நீயே வச்சுக்கன்னு ரெண்டு பேரும் சண்டை போடுவாங்க. அதுக்குப் படிக்கட்டு தேவலை."

இதை என்னிடம் சொன்னபோது விசிலுக்குக் கண் கலங்கியிருந்தது. "இருபது வருஷமா ஆள் எடுக்கச் சொன்னது நான்தானேக்கா. சின்ன வயசுல என்னை எப்பவும் மொதல்ல எடுத்துடுவாங்க. கடைசில யார் நிக்கறாங்கன்னு நான் திரும்பிப் பார்த்ததே இல்ல. வெக்கமா இருக்கு."

வியாழக்கிழமை கேப்டன்களே கிடையாது. நின்ற வரிசையில் ஒன்று, இரண்டு என்று எண்ணி அணி பிரிந்தார்கள். பந்து மேலே பட்டால் அவுட். ஒரு ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் மறுபடி உள்ளே வரலாம். நோட்டுத் திருத்துவதை விட்டுவிட்டு நான் ஜன்னலில் நின்றிருந்தேன். முதல் ஆட்டம் முடியப்போகிற நேரமாகப் பார்த்து எச்.எம். வந்தார், பின்னாலேயே கணக்கு டீச்சர் சாக்பீஸ் டப்பாவோடு. படிக்கட்டில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் கீழே ஓடினேன்.

"பாதிக்கு மேல இங்கதான் மேடம்" என்று கணக்கு டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தாள். மைதானத்தின் நடுவில் விசில் சிலையாக நின்றாள்.

எச்.எம். முன்வரிசையில் இருந்த வக்கீலிடம் குனிந்தார். "ஏம்மா உக்காந்திருக்க? உடம்பு சரியில்லையா?"

வக்கீலின் தோள்பட்டையில் பந்து பட்ட மண் அப்படியே இருந்தது. அவள் கழுத்தை நீட்டி எச்.எம்.முக்குப் பின்னால் மைதானத்தையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அவுட்டு மேடம். அடுத்த ஆட்டத்துல எறங்கிடுவேன். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, மறைக்குது."