நாலாவது சேவல்

லஞ்சம் வாங்கும் உத்தியோகத்தர்களை விசாரிக்க, யாருக்கும் தலைவணங்காத காரியாலயம் ஒன்று கொழும்பில் திறந்திருக்கிறது என்று பத்திரிகையில் படித்தபோது, தோட்டப் பள்ளிக்கூட வாத்தியாரான எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் ஊர்த் தலைமைக்காரரான ஆராச்சி தொலைந்தார் என்றே நினைத்தேன்.

அப்பாவின் குடியுரிமை மனு விசாரணைக்கு வந்திருந்த நேரம் அது. வட்டவளைத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியே முதுகு வளைந்த மனிதர், தான் அங்கேதான் வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டுமாம். தொழிலாளர் பெயர் பதிந்த தோட்டத்துப் பழைய செக்ரோலைக் கறையான் தின்றிருந்தது. மிச்சம் இருந்தது ஆராச்சி தரும் வதிவிடச் சான்று ஒன்றுதான். அதற்காகச் சேவல்கள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு சேவலுக்கும் "அடுத்த கெழம வாங்க" என்ற பதில் மட்டும் கிடைத்தது.

புகார் எழுதி, அப்பாவின் கைநாட்டோடு கொழும்புக்கு அனுப்பினேன். அது திரும்பி வந்தது. புகார்காரர் அந்த இடத்தில் வசிப்பவர்தான் என்று ஊர்த் தலைமைக்காரர் ஒப்பமிட வேண்டுமாம்!

வேறு வழியில்லாமல் ஆராச்சியிடமே கொண்டுபோனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார்.

"மாஸ்டர், ரெண்டு சேவல்னு எழுதியிருக்கீங்க. மூணுல்ல வாங்குனேன்? பெரிய எடத்துக்குப் பொய் எழுதலாமா?"

திருத்தினேன். ஒப்பமிட நாலாவது சேவலைக் கேட்டார், கொடுத்தேன். 'இவர் இத்தோட்டத்தில் நெடுங்காலமாகத் தொடர்ந்து வசிப்பவர், எனக்கு நேரில் தெரியும்' என்று எழுதி, முத்திரையும் குத்தினார்.

ஓட்டமாகப் போய்ப் பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு மலையேறும்போதுதான் உறைத்தது. நாங்கள் இத்தனை நாள் தேடி அலைந்த சான்று, ஆராச்சி எழுதிய அந்த வரியேதான்! வெண்ணெயைத் தபாலில் போட்டுவிட்டு நெய்க்கு அலைந்த வாத்தியார் இந்த மலையில் நான் ஒருவன்தான்.

திருப்பித் தரும்படி எழுதினேன். விசாரணை முடியும்வரை தர இயலாது என்றார்கள். குடியுரிமை விசாரணையில், "அத்தாட்சி கொழும்புல இருக்குங்கய்யா" என்றார் அப்பா. அதிகாரி சிரித்தார். மனுவைத் தள்ளிவிட்டார்கள்.

சில மாதம் கழித்துப் பெரிய இடத்துத் தீர்ப்பு வந்தது. தன்மேல் எழுதிய புகாருக்கே ஒப்பமிட்ட ஆராச்சியின் நேர்மை பாராட்டத்தக்கது; கோப்பு மூடப்பட்டது. வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

அப்பா திட்டவில்லை. உறையின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அவர் பெயர், நாங்கள் குடியிருக்கும் லயத்து நம்பர், தோட்டம், வட்டவளை என்று படித்துக் காட்டினேன்.

"நாம இங்க இருந்ததுக்கு அத்தாட்சியே இல்லன்னுட்டாங்க. அப்புறம் இந்தக் கடுதாசி மட்டும் எப்படிடா நேரா நம்ம லயத்துக்கு வந்துச்சு?"