மொத்திகா தேடி இடைசெவல் போன கதை

கார்த்திகை முதல் வாரம் கோவில்பட்டிப் பக்கம் போனேன். காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள்: நம் களைக்கொத்து போல மண் கொத்தும் கருவி ஒன்றின் பெயர். போலிஷ், செக் மொழிகளில் அதற்கு ‘மொத்திகா’. ரஷ்ய மொழியில் ககரம் கொஞ்சம் மெலியும். இவற்றுக்கெல்லாம் தாயான ஆதி ஸ்லாவியச் சொல்லை அறிஞர்கள் ஊகித்து எழுதி, முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவார்கள். இருந்திருக்க வேண்டும், ஆனால் எழுத்தில் யாரும் கண்டதில்லை என்று அர்த்தம். அதற்கும் முந்தைய வேர் எது என்பதில் இன்னும் அடிதடிதான். நான் இந்தப் பேச்சை எடுத்தாலே அலுவலகத்தில் ஆளுக்கொரு வேலை வந்துவிடும். வீட்டில் எழுந்து போகக்கூட ஆள் இல்லை.

சொல்லைக் கட்டிக்கொண்டு அழுகிறோமே, கருவியை ஒருநாளாவது பிடித்திருக்கிறோமா என்று தோன்றியது. கார்த்திகையில் கரிசல் காடுகளில் களைவெட்டு நடக்கும். மதுரையிலிருந்து ரயிலில் கோவில்பட்டி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். கடலைமிட்டாய் ஒரு பாக்கெட் வாங்கி, பங்கு கேட்க யாருமில்லாததால் முழுவதையும் நானே தின்றேன். அங்கிருந்து பஸ்ஸில் இடைசெவல், பன்னிரண்டு கிலோமீட்டர்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் கழிந்திருந்தது. ஊருக்கு வெளியே உளுந்துக் காட்டில் ஆறு பெண்கள், ஆளுக்கொரு நிரை பிடித்து, களைக்கொத்தால் களை வெட்டிக்கொண்டிருந்தார்கள். பேச்சியக்கா என்று மற்றவர்கள் அழைத்த அம்மா நிமிர்ந்தார்.

“என்ன அண்ணாச்சி, இங்கன எதைப் பாக்குதீங்க?”

சொன்னேன்.

“வெளிநாட்டுக் கொத்தத் தேடி இங்கன வந்தீங்களா? பாத்தா என்ன தெரியும், பிடிங்க!” என்று ஒரு கொத்தைக் கொடுத்து, ஓரத்து நிரையையும் எனக்கு விட்டார்.

அடியில் ஈரமிருந்த கரிசல் கொத்தில் அப்பியது. நான் பாதி வருவதற்குள் அவர்கள் மறுகரை சேர்ந்துவிட்டார்கள். சிரிப்புச் சத்தம் தூரத்தில் கேட்டது. தனியே விடப்படுவது நமக்குப் பழகியதுதானே என்று குனிந்தேன்.

கொஞ்ச நேரத்தில் எதிரே கொத்துச் சத்தம். பேச்சியக்கா என் நிரையை அந்த முனையிலிருந்து வெட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்தார்.

“பிந்துன ஆள விட்டுட்டு அடுத்த நெர பிடிக்க மாட்டோம் அண்ணாச்சி. எங்க வழக்கம் அப்படி.”

என்னை நோக்கி ஒருவர் வந்து எத்தனை காலமாயிற்று!

“காப்பி வரும். குடிச்சிட்டு எங்ககூட அடுத்த நெர பிடிங்க. ஆனா பொழுது சாயுதே, வீட்டுல தேட மாட்டாவளா?”

“தேடுவாங்க” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ.

“அப்ப கெளம்புங்க, பாவம், காத்துக் கெடப்பாவ.”

கொத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

இடைசெவல் போகிறவர்கள் தொப்பியும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்கு மறுநாள் போகாதீர்கள், கரிசல் செருப்பைத் திருப்பித் தராது. திரும்பும் பஸ் நேரத்தை இறங்கும்போதே கேட்டுவிடுங்கள். அடுத்த நிரைக்குக் கூப்பிட்டால் வீம்பு பண்ணாமல் இருந்துவிடுங்கள்.

என்னைத் தேடுவார்கள் என்று சொன்னேனே, அவர்களுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டுக்கொள்ளுங்கள்.