செல்வியின் போஞ்சிக் கொடிகள்

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் எனக்கும் அடுத்த வீட்டுச் செல்விக்கும் பக்கத்துப் பக்கத்துத் துண்டு நிலம். போன வருடம் இருவரும் ஒரே நாளில்தான் போஞ்சி விதை ஊன்றினோம். நான் நெருக்கமாக ஊன்றி யூரியாப் பசளையை அள்ளிப் போட்டேன். அவள் இடைவெளி விட்டு ஊன்றி, நன்றாக மக்கிய சாணம் மட்டும் போட்டாள்.

என் கொடிகள் கரும்பச்சையாகத் தழைத்தன; பூவைத்தான் காணோம். "இலையைப் பாத்து ஏமாறாதீங்கக்கா, பசளை கூடிப்போச்சு" என்று செல்வி சிரித்தாள். அவள் கொடிகளில் பிஞ்சு பிடித்திருந்தது.

அந்த வாரமே, மலையில் கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டி அவள் செத்துப்போனாள்.

அடக்கம் முடிந்த சில நாளில் அவள் கொடி முழுக்கக் காய். அவள் புருஷன் யோகன் பின்கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னான்: "எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுருங்கக்கா. என்னால பாக்க முடியல."

கத்தியோடு போனேன். பனியில் நனைந்த காய்கள் கையில் பட்டதும் வெட்ட மனம் வரவில்லை. பறித்துவந்து, கருமாதிக்கு வந்தவர்களுக்குச் சமைத்துப் போட்டேன். யோகன் ஒரு வாய் வைத்தான். "நல்லாத்தான் காய்ச்சிருக்கு" என்றவன், தட்டை வைத்துவிட்டு எழுந்து போனான்.

கொடிகள் ஓயவில்லை. பறிக்கப் பறிக்க மறுபடி பூத்தன. அங்கே குனியும்போதெல்லாம் அடுத்த வரிசையில் அவளும் குனிந்திருப்பதுபோல இருக்கும். நிமிர்ந்து பார்க்கத் துணிய மாட்டேன்.

இப்போது நானும் அவளைப்போலத்தான் நடுகிறேன். நன்றாகவே காய்க்கிறது. முதல் பறிப்பை மட்டும் இன்னும் என்னால் வாயில் வைக்க முடியவில்லை.